‘டிக்ளிவிட்டி’: சரிவா, இறக்கமா?

கேள்வி: ‘டிக்ளிவிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: இறக்கம். லத்தீனில் ‘கிளீவுஸ்’ என்றால் சரிவு. முன்னால் ஒட்டிய ‘டே’ கீழ்நோக்கியது என்று காட்டுகிறது. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்த சொல்.

கேள்வி: அதே சரிவில் கீழிருந்து ஏறுகிறவர் என்ன சொல்வார்?

பதில்: ‘அக்ளிவிட்டி’. பாதை ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. காலையில் சைக்கிளை மிதித்து மூச்சு வாங்கவைத்த மேடு, மாலையில் பெடலைத் தொடாமலே நம்மை இறக்கிவிடுகிறது அல்லவா? தமிழும் ஏற்றம், இறக்கம் என்று இரண்டு சொல் வைத்திருக்கிறது. எந்தப் பக்கமும் சேராத சொல் வேண்டுமானால் ஆங்கிலத்தில் ‘ஸ்லோப்’, நமக்குச் சரிவு.

கேள்வி: பங்குச் சந்தைச் சரிவை ‘டிக்ளிவிட்டி’ என்று மொழிபெயர்த்தேன். திருத்தியவர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அடித்தது சரியே. குழப்பம் ஆங்கிலத்தில் இல்லை, நம் ‘சரிவு’ என்ற சொல்லில் இருக்கிறது. அது இரட்டை வேலை பார்க்கிறது. மலைச்சரிவு என்றால் நிலத்தின் அமைப்பு. நூறாண்டு கழித்துப் போனாலும் அங்கேயே இருக்கும். நிலச்சரிவு என்றால் நடந்து முடிந்த சம்பவம். நேற்று மாலை மண் பெயர்ந்து விழுந்தது. டிக்ளிவிட்டி முதல் வேலையை மட்டுமே செய்யும். விலையோ உடல்நலமோ சரிந்தால் ‘டிக்ளைன்’, மண் சரிந்தால் ‘லேண்ட்ஸ்லைடு’. தமிழில் ஒரே சொல் என்பதற்காக ஆங்கிலத்திலும் ஒன்றையே தேடினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

கேள்வி: செங்குத்தான இறக்கத்துக்கு மட்டும்தான் இந்தச் சொல்லா?

பதில்: இல்லை. செங்குத்தா, மெல்லிய சாய்வா என்பதை அடைமொழிதான் சொல்ல வேண்டும். அளவு தேவைப்பட்டால் 10க்கு 1 என்பார்கள்: கிடையாக 10 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் இறங்கும்.

கேள்வி: ‘ப்ரொக்ளிவிட்டி’ இதற்கு உறவா?

பதில்: உடன்பிறப்பு. அங்கே சாய்வது நிலமல்ல, மனம். அதுவும் பெரும்பாலும் கூடாத பக்கமாக. மண்டையோட்டின் அடியில் சாய்வாக அமைந்த எலும்புப் பகுதியை மருத்துவர்கள் ‘கிளைவஸ்’ என்கிறார்கள். அதற்கும் இதே லத்தீன் வேர்தான்.

கேள்வி: உச்சரிப்பு?

பதில்: ‘க்ளி’யில் அழுத்தம்.

கேள்வி: அன்றாடப் பேச்சில் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். புவியியல் நூலிலும் பழைய பயணக் குறிப்புகளிலும் அது அழகாக உட்காரும். பிரேக் பிடிக்காத வண்டியில் இருப்பவரிடம் “முன்னால் டிக்ளிவிட்டி” என்று கத்தினால், அவர் அகராதியைத் திறப்பதற்குள் வண்டி கீழே போயிருக்கும்.