தோலுக்குத் தீட்டு, தாளத்துக்கு இல்லையா?

கேள்வி: சென்ற இதழில் மாட்டுத்தோலில் சிலை செய்யும் நந்திபா ம்ன்தாம்போவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பசுவைக் கும்பிடுகிற குடும்பங்கள் படிக்கிற பத்திரிகை இது. அவர் தமிழரும் இல்லை, இந்தியரும் இல்லை. வெளிநாட்டு கேலரிகளில் விலைபோவதற்காகச் செத்த மாட்டைத் தொங்கவிடுவதெல்லாம் கலையா? இப்படியே போனால் சந்தாவை நிறுத்திவிடுவேன்.
— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: ஐயா, தைப்பூசக் காவடிக்கு உங்கள் கோயிலில் மேளம் வருகிறதா இல்லையா? அது என்ன தோல் என்று விசாரித்து வாசலிலேயே நிறுத்தி வைத்தீர்களா? மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலக்கை வாசிக்கும் பக்கத்தில், பசுத்தோல் உண்டு, இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல், அப்புறம் ஆட்டுத்தோலும் சேர்கிறது. வாத்தியம் மட்டும் சந்தனம் குங்குமத்தோடு மேடையில் உட்காரலாம், தோலை உரித்துப் பதப்படுத்திக் கொடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்பது ஊரில் நமக்கிருந்த வழக்கம், அதையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக் கப்பலில் இந்த நேட்டால் மாகாணத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். டர்பன் கடற்கரையில் தலையில் பெரிய மாட்டுக் கொம்பும் பாசிமணியுமாக ரிக்‌ஷாக்காரர் நிற்கிறாரே, அவர் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் போட்டோ எடுக்காத குடும்பம் சாட்ஸ்வொர்த்தில் எத்தனை இருக்கும்? அங்கே வராத அருவருப்பு, ஒரு பெண் அதே மாட்டைக் கொண்டு இன்னொரு பெண்ணுடம்பைச் செய்து நிறுத்தினால் மட்டும் ஏன் வருகிறது?

"செத்த மாட்டைத் தொங்கவிடுவது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். முடியோடு பச்சைத் தோலை வாங்கி, கொழுப்பைச் சுரண்டி, அழுகாமல் இருக்க ரசாயனத்தில் ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் ஓர் உடம்பின் அச்சு மேல் இழுத்துப் போர்த்த வேண்டும். பெரும்பாலும் அந்த உடம்பு ம்ன்தாம்போவுடையதுதான், சில சமயம் அவருடைய அம்மாவுடையது. ஈரத்தோல் கனக்கும், காயக் காய வேறு பக்கம் சுருண்டு இழுக்கும், அதற்கு நாம் சொன்னால் கேட்கும் புத்தி கிடையாது. காய்ந்த பிறகு பாலியெஸ்டர் வலை, ரெசின், மெழுகு நூல் என்று முட்டுக் கொடுத்து நிறுத்தினால், தோள், மார்பு, இடுப்பு எல்லாம் இருக்கும், கீழே கவுன் விளிம்பு மாதிரி மடிப்பு விழுந்திருக்கும், உள்ளே மட்டும் ஆள் இருக்கமாட்டார். முதுகுத்தண்டு ஓடிய இடத்தில் மாட்டின் முடி திசைமாறிப் படிந்திருக்கிற கோடுகூட அப்படியே தெரியும். தோல் பதப்படுத்தக் கற்றுக்கொண்டு தன் கையாலேயே செய்கிறவர் அவர். கைகூசாமல் இதைச் செய்கிற ஒருவரைக் கலைஞர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் 1982இல் ஸ்வாசிலாந்தில், அதாவது இன்றைய எஸ்வாட்டினியில், பிறந்தவர். முதலில் தடயவியல் மருத்துவத்தில்தான் அவருக்கு நாட்டம் இருந்தது. (நம் வீடுகளில் பெண் பிள்ளை டாக்டர் படிப்பை விட்டுவிட்டுச் சிற்பம் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை.) கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் மைக்கேலிஸ் கலைப்பள்ளியில் 2007இல் முதுகலை முடித்தார். அடுத்த வருடமே மொசாம்பிக்கின் மாபூட்டோவில், போர்த்துக்கீசியர் காலத்துக் காளைச்சண்டை அரங்கம் ஒன்று பாழடைந்து கிடக்க, அதன் நடுவில் தானே மட்டடோர், அதாவது காளையோடு மோதும் வீரர், வேடத்தில் நின்று வீடியோ எடுத்தார். 2010இல் சிட்னி பினாலே என்கிற இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி, 2011இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டாண்டர்ட் பேங்க் இளம் கலைஞர் விருது, ஸ்டாக்ஹோம் கேலரியில் காட்சி, 2015இல் அமெரிக்காவின் சியாட்டில் அருங்காட்சியகம். வெளிநாட்டில் விலைபோகிறது என்பதைக் குற்றமாகச் சொல்கிறீர்கள். டர்பன் கிரே ஸ்ட்ரீட் கடைக்காரர்கள் வெளிநாட்டுச் சரக்கை இறக்கி விற்றால் அது சாமர்த்தியம், இங்கிருந்து ஒரு பெண் தன் கைவேலையை வெளியே கொண்டுபோய் விற்றால் அது துரோகமா?

பசுவை மதிப்பது நமக்கு மட்டுமே எழுதிவைத்த சொத்தும் இல்லை. பக்கத்து வீட்டு ஸூலுக் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். மாட்டுத்தொழுவம் அவர்களுக்கு முன்னோர் இருக்கிற இடம், கல்யாணம் என்றால் லொபோலா, அதாவது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் பரிசம், மாட்டுக் கணக்கில்தான் பேசப்படும், ஸ்வாசி மக்களிடமும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் தன் வேலையை வெறும் லொபோலா விளக்கமாகச் சுருக்குவது ம்ன்தாம்போவுக்கே பிடிக்காது. அதனால் நானும் அதை இத்தோடு விடுகிறேன்.

கேப்டவுன் போனால் எல்லாரும் வாட்டர்ஃபிரண்ட் என்கிற துறைமுகப் பகுதியில் சாப்பிடத்தான் போகிறோம். பழைய தானியக் கிடங்கைக் குடைந்து கட்டிய ஸைட்ஸ் மோக்கா அருங்காட்சியகம் அங்கேயேதான் இருக்கிறது. 2017இல் அது திறந்தபோது வைத்த காட்சிகளில் இவருடையதும் ஒன்று. படத்தில் பார்த்துவிட்டுக் கோபப்படுவதைவிட நேரில் பார்த்துவிட்டுக் கோபப்படுவது மேல்.

சந்தா உங்கள் விருப்பம். நம்மவர் இல்லை என்ற குறையைத் தீர்க்க, அடுத்த இதழில் இந்திய வம்சாவளியில் வந்த உஷா சீஜாரிமைப் பற்றி எழுதுகிறோம். அவர் இஸ்திரிப் பெட்டி, துடைப்பம், துணி மாட்டும் கிளிப் ஆகியவற்றில் சிற்பம் செய்கிறவர். தோல் கிடையாது. வீட்டில் இஸ்திரியும் துடைப்பமும் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வி மட்டும் உண்டு, அதற்கும் உங்களிடமிருந்து கடிதம் வரும் என்று நம்புகிறேன்.