புரிந்ததா, விளங்கியதா?

கேள்வி: 'இருள்சேர் இருவினையும்' குறளில் 'புகழ்புரிந்தார்' என்று வருகிறதே, புகழைப் புரிந்துகொண்டவர் என்று பொருளா?

இல்லை. அங்கே புரிதல் என்றால் விரும்புதல். பரிமேலழகர் உரையும் அப்படித்தான் சொல்கிறது. 'போர் புரிந்தான்', 'உதவி புரிந்தார்' என்னும்போது செய்தல். இன்றைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய பாட்டைப் படித்தால் இப்படித்தான் இடறும்.

கேள்வி: வலம்புரிச் சங்கில் இருப்பதும் இதே புரியா?

வடிவம் அதே, பொருள் முறுக்கு, சுழி. கயிறு திரிப்பதைப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். தேங்காய் நாரை ஒரு பக்கமாக முறுக்கினால் அது ஒரு புரி. மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். அப்போதுதான் புரி அவிழப் பார்ப்பதும் கயிறு அவிழப் பார்ப்பதும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். இரண்டு முறையும் ஒரே பக்கமாக முறுக்கினால் கையை விட்டதும் பிரிந்துவிடும். பேச்சில் இது 'பிரி' ஆகிவிட்டது: மூணு பிரிக் கயிறு, வைக்கோல் பிரி, பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணை. பிரித்தல் என்ற சொல்லோடு இதைக் குழப்பக் கூடாது. இது சேர்க்கிற பிரி! 'முறுக்கைப் பிரித்துப் பார்ப்பதே புரிதல்' என்று விளக்கினால் மேடையில் கைதட்டு கிடைக்கும், சொல்லாராய்ச்சி ஆகாது. தர்மபுரியில் வரும் புரி வேறு. ஊரைக் குறிக்கும் வடசொல்.

கேள்வி: யாழ்ப்பாணத்து நண்பர் 'விளங்கேல்லை' என்கிறார். 'புரியவில்லை' என்பதுதானே?

அதேதான். விளங்குதல் என்றால் ஒளிர்தல். அதன் பிறவினை விளக்குதல். காலையில் பல் விளக்குகிறோம், கரிபிடித்த பாத்திரத்தைச் சாம்பல் போட்டு விளக்குகிறோம், மாலையில் ஏற்றுவதும் விளக்கு. அழுக்கோ இருட்டோ விலகிப் பொருள் துலங்குவதுதான் விளக்கம். எனக்குப் புரிவதைவிட விளங்குவதே அழகான சொல்லாகப் படுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை: 'நீ விளங்கவே மாட்டே' என்றால் 'உனக்குப் புரியாது' அல்ல, உருப்படமாட்டாய் என்ற வசவு.

கேள்வி: 'நான் புரிந்தேன்' என்று எழுதலாமா?

கூடாது. அது 'நான் செய்தேன்' என்றாகி, 'எதை?' என்று கேட்க வைக்கும். 'எனக்குப் புரிந்தது' அல்லது 'நான் புரிந்துகொண்டேன்' என்று எழுதுங்கள். 'புரிந்துகொள்' ஒரே சொல், இடைவெளி வேண்டாம்.

கேள்வி: தெரியும், புரியும் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

'எனக்கு இந்தி தெரியும்' என்றால் பேசச் சொல்வார்கள். 'இந்தி புரியும்' என்றால் கேட்டால் பிடிபடும், அவ்வளவுதான்.