பீடியை விடச் சொன்னா எங்க ஊர்ல சொல்ற பதில்கள் - கேள்வி பதில்

நான் தென் மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரில பீடி, சிகரெட், புகையிலை விட நினைக்கிறவங்களுக்கு கவுன்சிலிங் குடுக்கிறேன். வர்றவங்க பாதிக்கு மேல கிராமத்து ஆட்கள், அதுலயும் பீடிக்காரங்கதான் நிறைய. சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லிருந்தேன், வந்ததுல முக்கியமானதுக்கு பதில் எழுதறேன்.

கேள்வி: அக்கா, எங்க அப்பாவுக்கு 58 வயசு. காலைல டீயும் ரெண்டு பீடியும் இல்லன்னா வெளிக்கே வராதுங்கிறார். நாலு நாள் விட்டுப் பாத்தார், நிஜமாவே வயிறு கட்டிக்கிச்சு. இப்ப "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னு மறுபடி ஆரம்பிச்சுட்டார். என்ன சொல்றது?

தங்கச்சி, அப்பா பொய் சொல்லல, முதல்ல அதை ஒத்துக்கோங்க. நிக்கோட்டின் குடலை முடுக்கி விடும், வருஷக்கணக்கா அதுக்குப் பழகின குடல் திடீர்னு அது இல்லன்னதும் மந்தமாயிரும், விட்டவங்க நிறைய பேருக்கு மலச்சிக்கல் வரும். ஆனா அது கொஞ்ச வாரத்துல சரியாகிற விஷயம், அப்பாவோட குடல் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. யாரும் அவர்ட்ட இதை முன்னாடியே சொல்லல, அதான் நாலாம் நாள்ல பயந்துட்டார்.

இன்னொன்னு, வெறும் வயித்துல சூடா எது குடிச்சாலும் குடல் அசையும், அதனால பீடிக்கு கிடைக்கிற பேர்ல பாதி அந்த டீயோடது. அடுத்த தடவை விடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிங்க, ராத்திரி ஊறவச்ச உலர் திராட்சை, காலைல வெதுவெதுன்னு ரெண்டு சொம்பு தண்ணி, அதுக்கப்புறம் டீ, டீயைக் குடிச்சுட்டு கொல்லைப்பக்கம் ஒரு நடை, சாப்பாட்டுல கீரை, கொய்யா. அப்படியும் வரலன்னா டாக்டர்ட்ட கேட்டு இசப்கோல் (தண்ணில கலந்து குடிக்கிற நார்ச்சத்து) குடுங்க. எங்கிட்ட வர்றவங்கள்ட்ட நான் கேக்குற முதல் கேள்வியே எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முத பீடின்னுதான். அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா பழக்கம் ரொம்ப ஆழமா இருக்குன்னு அர்த்தம், அப்பா அந்த ரகம்னா மனசு உறுதியை மட்டும் நம்பி விடாதீங்க, மருந்து உதவி வேணும், அதைக் கீழ எழுதிருக்கேன்.

கேள்வி: பீடில என்ன இருக்கு, இலையும் தூளும்தானே. சிகரெட்ல தாள், கெமிக்கல் எல்லாம் இருக்கு. இயற்கையானது எப்படிக்கா கெடுதல் பண்ணும்?

புகையிலையும் இயற்கைதான் தம்பி. அந்த பீடி இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கத்து காட்டுல இருந்து வர்ற டெண்டு இலை, அது தாள் மாதிரி தானா எரியாது, இழுக்காம விட்டா அணைஞ்சு போகும். அணையாம இருக்கணும்னே அடிக்கடி, ஆழமா இழுக்குறோம். உள்ள இருக்கிற தூள் சிகரெட்ல இருக்கிறதை விட ரொம்ப கம்மி, ஆனா நெஞ்சுக்குள்ள போற தாரும் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் கம்மி இல்ல. இந்தியாவுல 11 லட்சம் வீடுகள்ல நடந்த சாவுகளை வச்சு செஞ்ச ஆய்வு ஒன்னு 2008ல வந்துச்சு. அதுல பீடி குடிக்கிற ஆம்பளைக்கு சுமார் 6 வருஷ ஆயுசு குறையுது, சிகரெட் குடிக்கிறவருக்கு 10 வருஷம். அப்ப பீடி தேவலைன்னு யாரும் கிளம்பிராதீங்க, 6 வருஷம்னா பேரன் ஒன்னாப்புல இருந்து ஏழாப்பு போற காலம்.

கேள்வி: எங்க தாத்தா 88 வயசு வரைக்கும் பீடி குடிச்சார், படுக்காம செத்தார்.

இருந்திருப்பார், இல்லன்னு சொல்லல. ஆனா அவர்கூட சேந்து குடிச்ச அவர் வயசு சேக்காளிகள் பேரையெல்லாம் வீட்டுப் பெரியவங்கள்ட்ட கேட்டு எழுதுங்க, யார் யார் எத்தனை வயசுல போனாங்க, கடைசில இருமிக்கிட்டு கிடந்தாங்களா, நெஞ்சு வலில போனாங்களான்னும் கேளுங்க. 50லயே போனவர் பேரை யாரும் டீக்கடைல எடுத்துப் பேசுறதில்ல, அதான் 88 மட்டும் நம்ம கண்ணுக்குத் தெரியுது.

கேள்வி: நான் கொத்தனார் வேலை பாக்குறேன் அக்கா. விடணும்னு ஆசைதான். ஆனா சைட்டுல பீடி குடிக்கப் போறேன்னு ஒதுங்கினா மேஸ்திரி ஒன்னும் சொல்ல மாட்டார், சும்மா உக்காந்தா கத்துவார். கூட இருக்கிறவன் நீட்டும்போது வேணாம்னா "பெரிய ஆளாயிட்டியோ"ங்கிறான். எப்படி விடுறது?

தம்பி, வந்ததுலயே எனக்கு முக்கியமா பட்ட கேள்வி இதுதான். உங்களைப் பிடிச்சு வச்சிருக்கறது நிக்கோட்டின் மட்டும் இல்ல, அந்த பத்து நிமிஷ ஓய்வும், சுத்தி உக்காந்திருக்கிற நாலு பேரும்தான். பீடி குடிக்கிறவனுக்கு ஓய்வு உண்டு குடிக்காதவனுக்கு கிடையாதுங்கிறது அநியாயம், எனக்கு இதை நினைச்சாலே கோவம் வரும், வேலைக்கு வந்த புதுசுல பீடியே தொடாத பசங்க இடுப்பு வலிக்கு உக்காரணும்னே பழகினதை நான் கேட்டிருக்கேன். மேஸ்திரிகிட்ட தனியா போய் சொல்லுங்க, பீடியை விடப் பாக்குறேன், எனக்கு மோர் குடிக்க அந்த பத்து நிமிஷம் வேணும்னு. நிறைய மேஸ்திரிங்க ஒத்துப்பாங்க, யாரும் கேட்டதில்லங்கிறதுதான் விஷயம்.

ரெண்டாவது, நீட்டுற பீடி. நம்மூர்ல பீடி நீட்டுறது மரியாதை, முன்னபின்ன தெரியாதவன்கிட்ட கூட நெருப்பு கேட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்கும், அதனால வேணாம்னு மொட்டையா சொன்னா அந்த ஆளையே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிருது. "நான் விட்டுட்டேன்"னு சொல்லாதீங்க, அதைக் கேட்டாலே பந்தயம் கட்டுவாங்க. "மருந்து சாப்பிடுறேண்ணே, டாக்டர் கூடாதுன்னுட்டார்"னு சொல்லிப் பாருங்க, நம்ம ஊர்ல மருந்துன்னா யாரும் வற்புறுத்த மாட்டாங்க. வாங்கி காதுல மட்டும் சொருகிக்காதீங்க, சாயங்காலத்துக்குள்ள அது வாய்க்கு வந்துரும். முத ரெண்டு மூணு நாள்தான் ரொம்ப கஷ்டம், எரிச்சல், தலைவலி, தூக்கம் வராது, அப்புறம் ரெண்டுலருந்து நாலு வாரத்துல படிப்படியா அடங்கும். அந்த ரெண்டு வாரமாவது சேக்காளிகள்ல ஒருத்தரை கூட சேத்துக்கிட்டு விடுங்க, நாலு பேர்ல ரெண்டு பேர் குடிக்கலன்னா அந்த இடத்தோட பழக்கமே மாற ஆரம்பிச்சுரும்.

கேள்வி: கோயில் கொடை திருவிழால சுடலைமாடனுக்கு சுருட்டு படைக்கிறோம். சாமியே குடிக்குதுன்னு எங்க சித்தப்பா சொல்றார்.

சாமிக்கு படைக்கிறதுல நான் தலையிட மாட்டேன், அது அவங்கவங்க நம்பிக்கை. ஆனா அது வருஷத்துக்கு ஒரு கொடை, சித்தப்பா தினமும் ஒரு கட்டு. சில கோமரத்தாடிங்க, அதான் சாமியாடுறவங்க, கொடைக்கு விரதம் இருக்கும்போது பீடியைத் தொட மாட்டாங்க, அத்தனை நாள் இருக்க முடியுதுல்ல, அங்கிருந்தே தொடரலாமேன்னு அவர்ட்ட கேளுங்க.

கேள்வி: நான் ஆலங்குளம் பக்கம், வீட்டுல பீடி சுத்துறேன். சரியா வரலன்னு கழிச்சுப் போட்ட பீடியெல்லாம் வீட்டுக்காரர் குடிச்சுருவார். காசு குடுத்து வாங்கலையேங்கிறார். என் வேலையால அவரைக் கெடுக்குறேனோன்னு இருக்கு.

அக்கா, அந்த பாரத்தை நீங்க சுமக்காதீங்க. பீடி சுத்துற உங்க சொளவுல (முறத்துல) இருந்து வர்ற காசுதான் பிள்ளைங்க பள்ளிக்கூடம், அரிசி எல்லாம், வேலையை விடுங்கன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல. செய்ய முடிஞ்சது இது: கழிச்ச பீடியை அன்னிக்கே பிரிச்சு தூளாக்கிருங்க, முழுசா கண்ணுல படவே கூடாது. இலையும் தூளும் சாப்பிடுற, படுக்குற இடத்துல வேணாம், திண்ணைல காத்தோட்டமா உக்காந்து சுத்துங்க, மடில கைக்குழந்தை வேணாம். அந்த தூள் மூச்சுலயும் தோல் வழியாவும் உள்ள போகுது, உங்களுக்கு வர்ற தலைவலி, கிறுகிறுப்புக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க.

கேள்வி: மாமாவுக்கு டிபி, மாத்திரை சாப்பிடுறார், நாளைக்கு மூணு பீடிதானேங்கிறார்.

ஒன்னு கூட கூடாது. சென்னைலயும் விழுப்புரம் மாவட்டத்து கிராமங்கள்லயும் இறந்துபோன 43,000 ஆம்பளைங்களை வச்சு நம்ம தமிழ்நாட்டுலயே செஞ்ச ஆய்வு 2003ல வந்துச்சு, புகை பிடிக்கிறவங்க டிபில சாகுறது பிடிக்காதவங்களை விட நாலு மடங்குக்கு மேல. மாத்திரை குடுக்கிற இடத்துலயே பீடி பத்தியும் சொல்லுங்க, உதவி பண்ணுவாங்க. ஒளிச்சு வச்சா உதவ முடியாது.

கேள்வி: 60 வயசாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது? திடீர்னு விட்டா உடம்பு தாங்காதுன்னும் சொல்றாங்களே?

திடீர்னு விடுறதால ஆபத்து இல்ல ஐயா, அவதி இருக்கும், அது அடங்கிரும். இங்கிலாந்துல டாக்டருங்களையே 1951ல இருந்து 50 வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. 60 வயசுல சிகரெட்டை விட்டவங்களுக்கு சுமார் 3 வருஷம் ஆயுசு கூடுச்சு, 50ல விட்டவங்களுக்கு 6, 40ல 9, 30ல 10. ஆயுசை விடுங்க, படி ஏறும்போது மூச்சு வாங்குறது கொறையும், ராத்திரி இருமாம தூங்கலாம்.

கேள்வி: ஏழு மாசம் குடிக்காம இருந்தேன், பெரியப்பா எழவு வீட்டுல தட்டுல வெத்தலை பாக்கோட பீடிக்கட்டும் வச்சிருந்தாங்க, ராத்திரி முழுக்க முழிச்சிருந்து எடுத்துட்டேன். எல்லாம் போச்சா?

போகல. ஏழு மாசம் இருந்த ஆளு நீங்க, அன்னிக்கு துக்கம், தூக்கம் இல்ல, கைக்கு எட்டுற தூரத்துல தட்டு, மூணும் சேந்தா யாருக்கும் கை போகும். மறுநாளே நிறுத்திருங்க, "ஆரம்பிச்சாச்சுல்ல"ன்னு ஒரு கட்டு வாங்கிராதீங்க. அடுத்து விசேஷம், கேதம்னு எங்க போனாலும் தட்டு பக்கம் உக்காராதீங்க, கடுங்காப்பி ஊத்துற வேலையை கேட்டு வாங்கிக்கோங்க. உங்க வீட்டு விசேஷத்துல தட்டுல பீடி வைக்காதீங்க, ஒருத்தர் வைக்காம விட்டா அடுத்தவங்களுக்கும் தைரியம் வரும்.

கேள்வி: என் பத்து வயசு பையனை தாத்தா பீடி வாங்க அனுப்புறார், அடுப்புல பத்த வச்சுட்டு வரச் சொல்றார். சொன்னா மாமியார் கோவிச்சுக்கிறாங்க.

பத்த வச்சு கொண்டு வர்ற வழில அணைஞ்சிரக் கூடாதுன்னு பிள்ளை ஒரு இழுப்பு இழுக்கும், எங்கிட்ட வர்ற பெரியவங்க நிறைய பேருக்கு முத இழுப்பு அப்படித்தான் வந்துச்சு. 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு விக்கிறது சட்டப்படி குத்தம், கடைக்காரர்ட்ட பையன் வந்தா குடுக்காதீங்கண்ணேன்னு நீங்களே சொல்லிருங்க, வீட்டுல சண்டை வராது. மாமனார்ட்ட உங்க வீட்டுக்காரர் பேசட்டும், "பீடியை விடுங்கப்பா"ன்னு ஆரம்பிக்காம "பையனை அனுப்பாதீங்கப்பா"ன்னு மட்டும் பேசட்டும்.

கேள்வி: மருந்துன்னு சொன்னீங்களே, என்ன, எங்க கிடைக்கும்?

நிக்கோட்டின் சூயிங்கம் மெடிக்கல்ல கிடைக்கும். அதை வாய் நிறைய மென்னு துப்புறாங்க, அப்புறம் விக்கல், நெஞ்செரிச்சல்னு தூக்கிப் போட்டுர்றாங்க. மெதுவா ரெண்டு மூணு தடவை மெல்லணும், காரமா, சுறுசுறுன்னு வந்ததும் கன்னத்துல ஒதுக்கி வச்சுரணும், அது அடங்கினதும் மறுபடி ரெண்டு மெல்லல், இப்படியே அரை மணி நேரம். டீ, காப்பி குடிச்சு கால் மணி நேரம் கழிச்சுத்தான் போடணும், இல்லன்னா வேலை செய்யாது. புப்ரோபியான், வரெனிக்லின்னு மாத்திரைகளும் இருக்கு, டாக்டர் பாத்துத்தான் எழுதணும், வலிப்பு இருக்கிறவங்க அதைக் கண்டிப்பா முன்னாடியே சொல்லிரணும். ஆஸ்பத்திரிக்கு வர கூச்சமா இருந்தா 1800 112 356க்கு போன் போடுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.