ஓர் ஆட்டுக்கு இரண்டு ஹெக்டேர்: உங்கள் கணக்கு சரிதான்

நண்பரே, தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஆளும் ஃபாக்லாந்து தீவுகளில் ஓர் ஆட்டுக்கு இரண்டு ஹெக்டேருக்கு மேல் வருகிறதே, கட்டுரைக் கணக்கில் எங்காவது பூஜ்யம் விட்டுப்போச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுப்போகவில்லை. ஏறக்குறைய 12,000 சதுர கிலோமீட்டர், சுமார் 5 லட்சம் ஆடுகள், அப்படித்தான் வரும்.

முதல் காரணம் மண். பெரும்பகுதி புளிப்பேறிய, ஈரமான கரிமண் (பாதி மக்கிய செடிகள் சேர்ந்தது, ஆங்கிலத்தில் peat). அதில் பரவிக் கிடக்கும் வெண்புல்லில் நார்தான் அதிகம். ஆட்டுக்கு வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. கரையோரம் ஆளுயரம் வளரும் டஸ்ஸக் புல் சத்தானது. ஆடுகள் அதைத்தான் தேடிப்போய் மேய்ந்து, பல இடங்களில் அடியோடு அழித்துவிட்டன.

மண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். முன்பு தீவுகளின் நிலத்தில் பாதிக்கு நெருக்கமாக ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. கம்பளி லாபத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனது, மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பவில்லை. 1976-ல், தீவுகளின் பொருளாதாரத்தை ஆராய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ஷாக்கிள்டன் பிரபுவின் அறிக்கை இதைத்தான் எடுத்துச் சொன்னது. 1980-களில்தான் பெரும் பண்ணைகள் பரவலாகப் பிரிக்கப்பட்டு உள்ளூர்க் குடும்பங்களின் கைக்கு வந்தன. 1986-ல் மீன்பிடி மண்டலம் அறிவித்தார்கள். அங்கே மீன்பிடிக்கும் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம்தான் தீவின் நிதி நிலையையே மாற்றியது.

கட்டுரையின் அட்டவணையில் ஓர் ஆட்டுக்கான கம்பளி எடையையும் குட்டிகள் பிழைக்கும் விகிதத்தையும் கட்டாயம் சேருங்கள். வெறும் ஹெக்டேர் கணக்கை வைத்து நியூசிலாந்தோடு ஒப்பிட்டால், அந்த விவசாயிகளுக்கு உழைக்கத் தெரியாது என்று ஆகிவிடும். அது பெரிய அநியாயம்.