சிலுவையின் முன் எளிய விசுவாசிகள்

கேள்வி: இயேசுவின் மரணம் எவ்வாறு பாவநிவாரணம் ஆகிறது என்பதற்கு இறையியலாளர்கள் பல கோட்பாடுகளைத் தருகிறார்கள். அவற்றைப் படித்தறியாத சாதாரணக் கிறிஸ்தவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்?

பதில்: கோட்பாட்டைக் கற்ற பிறகு வழிபடத் தொடங்கியவர்கள் மிகச் சிலரே, பெரும்பாலோர் வழிபட்டு வழிபட்டே அதை அறிந்தார்கள். கி.பி. 381-ஆம் ஆண்டின் விசுவாச அறிக்கை, கிறிஸ்து நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்கிறதே தவிர, அம்மரணம் எந்த முறையில் நம்மை மீட்கிறது என்பதை விளக்கவில்லை. கடவுளின் மகிமைக்கு மனிதகுலம் பட்ட கடனை, மனிதரான கடவுளே தீர்த்தார் என்ற விளக்கத்தைக் கான்டர்பரிப் பேராயர் ஆன்சலம் எழுதி முடித்தது 1098-இல்தான். அதற்கு முந்தைய தலைமுறைகள் பொருள் அறியாமல் சிலுவையை வணங்கின என்று எவரும் சொல்ல முடியாது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா என்ற பெண்மணியின் குறிப்புகள் இதற்கு அருமையான சான்று. பெரிய வெள்ளியன்று மக்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து குனிந்து, இயேசு அறையப்பட்டதாக நம்பப்பட்ட சிலுவை மரத்தை நெற்றியாலும் கண்களாலும் தொட்டு முத்தமிட்டார்கள். முன்பு யாரோ அதில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துச் சென்றதாகப் பேச்சு இருந்ததால், திருத்தொண்டர்கள் சூழ்ந்து நின்று காவல் காத்தார்கள். (முறையற்ற செயல்தான், ஆயினும் மீட்பைக் கையில் பற்றிக்கொள்ளத் துடித்த ஒரு மனத்தை அதில் காண்கிறேன்.) நண்பகலிலிருந்து மூன்று மணி நேரம் இயேசு பட்ட துன்பங்களாகிய பாடுகளைப் பற்றிய மறைநூல் பகுதிகள் வாசிக்கப்பட, ஆண்டவர் நமக்காக இத்தனையும் பட்டாரே என்று பெரியவரும் சிறியவரும் அழுததாக அவர் எழுதுகிறார்.

கீழைத் திருச்சபைகளின் உயிர்ப்பு விழாப் பாடலோ, கிறிஸ்து தம் மரணத்தாலேயே மரணத்தை மிதித்து வென்றதைக் கொண்டாடுகிறது. அவ்விழாவின் திருவுருவப் படத்தில் அவர் பாதாளத்தின் உடைந்த கதவுகள்மேல் நின்று, ஆதாமையும் ஏவாளையும் கல்லறையிலிருந்து கைப்பிடித்துத் தூக்குகிறார். எழுத்தறியாதவருக்கும் அது விளங்கும். மேற்கில், ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை முதலாம் செர்ஜியுஸ், திருப்பலியில் அப்பம் பிட்கும் வேளையில் உலகின் பாவங்களைப் போக்கும் செம்மறியான கிறிஸ்துவை நோக்கிய மன்றாட்டைப் பாடச் செய்தார். பலி, வெற்றி, கடன் தீர்த்தல், அன்பின் வெளிப்பாடு என்று அறிஞர்கள் பிரித்து வாதிடும் அனைத்தையும் ஒரே விசுவாசி ஒரே ஆராதனையில் முரண்பாடு உணராமல் பாடிவிடுகிறார். அது அறியாமையன்று, எந்த ஒரு விளக்கமும் தனித்து நின்று போதாது என்பதை அவர் வழிபாடு ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

கேள்வி: இயேசுவின் காயங்களையே தியானிப்பது துன்பத்தைப் போற்றுவதாகிவிடாதா?

பதில்: அந்த ஆபத்து உண்டு, அதைவிடப் பெரிய ஆபத்தும் இருந்தது. பாடுகளின் நினைவு யூதர்மீதான பகையாகத் திரிக்கப்பட்ட வரலாறு வேதனைக்குரியது. கிறிஸ்துவின் மரணத்துக்கான பழியை அன்றைய யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. ஆனால் காயங்களை உற்றுநோக்கிய எல்லோரும் கசப்பையே கண்டார்கள் என்பதில்லை. 1373-இல் நோயுற்றுக் கிடந்த, இங்கிலாந்தின் நார்விச் நகர ஜூலியன் என்ற பெண்மணி, குருதி வழியும் கிறிஸ்துவின் முகத்தைக் காட்சியில் கண்டார். பல ஆண்டுகள் சிந்தித்தபின், கடவுளிடம் தாம் எந்தச் சினத்தையும் காணவில்லை என்று துணிந்து எழுதினார். அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்கள் தங்கள் பக்திப் பாடல்களில் சிலுவையருகே நின்றது, வலியை விரும்பியதால் அன்று. சாட்டையடி பட்ட ஒருவர் தங்கள் வலியை அறிவார் என்று நம்பியதால்தான்.