கழுவின காசை ‘ஒரிஜினல் லஸ்டர்’ என்று விற்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட 1911-ஆம் வருட வெள்ளி ரூபாயை, வெளியூர் நாணயக் கடை ஒன்றில் ஆன்லைன் மூலம் 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘யூஎன்சி, ஒரிஜினல் லஸ்டர்’ என்று போட்டிருந்தார்கள், அதாவது புழக்கத்துக்கே போகாத காசு, அச்சிலிருந்து வந்தபோது இருந்த அசல் பளபளப்பு அப்படியே இருக்கிறது என்று. எடை 11.66 கிராம், சரியாக இருந்தது. ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேலெல்லாம் மெல்லிய கீறல்கள். விளிம்பில் ஏதோ பற்றவைத்து எடுத்த தடம். கடைக்காரரோ, “காசு அசல்தானே? நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறது” என்கிறார். பணம் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் நானும் இதை அப்படியே வேறொருவருக்கு விற்றுவிடலாமா?
- சேலம் வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராஜா தலைக்கு நேர் மேலே, விளிம்பில் ஓர் அரிசி நீளத்துக்கு வரிகள் மழுங்கி, அரம் போட்ட தடம் தெரிகிறது. ஆசாரி பொடி வைத்து ஊதி வளையம் பற்றவைத்த இடம் போலத்தான் இருக்கிறது. யாரோ கழுத்தில் போட்டிருந்த காசு. பிறகு வளையத்தை எடுத்து, அராவி, பாலிஷ் போட்டிருக்கிறார்கள். இந்த 1911 ரூபாய்க்கு மவுசே ராஜாவின் அங்கியில் இருக்கும் குட்டி யானைக்காகத்தான். அது பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, வெளியே விட்ட காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். உங்கள் காசில் அந்த யானையின் முதுகே பாலிஷில் தேய்ந்துவிட்டது. காசு அசல் என்பது உங்கள் வழக்குக்குப் பதிலே ஆகாது. நீங்கள் 22,000 கொடுத்தது அதன் மேற்பரப்புக்கு.

“கேட்கவில்லை, சொல்லவில்லை” என்ற வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் பாதி சட்டம் இருக்கிறது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 17-வது பிரிவின்படி வெறும் மௌனம் மோசடி ஆகாது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறவன் அதைச் சொல்லாவிட்டாலும் மோசடி இல்லை என்று அந்தப் பிரிவே உதாரணம் தருகிறது. ஆனால் வாங்குகிறவன், “நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்” என்று சொன்ன பிறகும் விற்கிறவன் வாய் திறக்கவில்லையா? அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். குறையைத் தெரிந்தே மூடிமறைப்பது நேரடியாக மோசடி.

உங்கள் கடைக்காரர் மௌனமாகவும் இல்லை. ‘யூஎன்சி, ஒரிஜினல் லஸ்டர்’ என்று எழுதி விற்றிருக்கிறார். காசை அராவியது யார் என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது, தனக்கே தெரியாது என்றுகூட அவர் சொல்லலாம். சொல்லட்டும். சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 15-இன்படி, வர்ணித்து விற்ற சரக்கு வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். விற்றவர் மனதில் என்ன இருந்தது என்று அங்கே நிரூபிக்க வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், சரக்கு குறிப்பிட்ட தரம், கிரேடு கொண்டது என்று பொய்யாகச் சொல்வதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. எனவே பில்லில் அச்சடித்த அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? காசை ஏற்க மறுக்கிறேன், பணத்தைத் தாருங்கள் என்று இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். நாள் கடத்தினால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், அப்புறம் நஷ்டஈடு மட்டும்தான் கேட்க முடியும். விளம்பரப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். காசைத் தொட்டுத் துடைக்காதீர்கள், உரசிப் பார்க்க யாரிடமும் கொடுக்காதீர்கள். கிரேடிங்குக்கு, அதாவது காசின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று வாங்க, அமெரிக்கா அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நூறு வருடம் தாண்டிய காசு 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள், தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. அனுபவமுள்ள ஒரு சேகரிப்பாளரிடம் எழுத்தில் கருத்து வாங்கினால் போதும்.

பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லுங்கள்: சேகரிப்புக்காக வாங்கினீர்களா, விற்பதற்காகவா? மறுவிற்பனைக்கு என்றால் நீங்கள் ‘நுகர்வோர்’ இல்லை, சிவில் நீதிமன்றம்தான் வழி.

உங்கள் கடைசிக் கேள்வி என்னை வருத்தப்பட வைத்தது. அப்படியே விற்கக் கூடாது. கடைக்காரர் ‘தெரியாது’ என்றாவது சொல்லலாம், உங்களுக்கு அந்த வழியும் இல்லை. எல்லாம் தெரிந்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். விற்கத்தான் வேண்டும் என்றால், பணம் வாங்கும் முன்னால், விளிம்புப் படத்தோடு இப்படி எழுதிக் கொடுங்கள்: “அசல் காசு. கழுவி பாலிஷ் போடப்பட்டது. மேல் விளிம்பில் வளையம் எடுத்து அராவிய தடம் உண்டு.” அதற்கு என்ன விலை வருகிறதோ அதுதான் இந்தக் காசின் விலை.