ஊர் மாறினால் கிரெடிட் யூனியன் கணக்கை மூட வேண்டுமா?

கேள்வி: வட கரோலினாவில் படித்தபோது ஒரு கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவுச் சேமிப்பு, கடன் சங்கம்) கணக்குத் தொடங்கினேன். கார் கடனும் அங்கேதான். இப்போது வேலைக்காக டெக்சஸ் வந்துவிட்டேன். இங்கே அவர்களுக்குக் கிளை இல்லை. கணக்கை மூடிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். "நீங்கள் பகிர்வுக் கிளைத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா?" என்று உங்கள் கிரெடிட் யூனியனிடம் முதலில் கேளுங்கள். ஒரு கிரெடிட் யூனியனின் உறுப்பினர் இன்னொன்றின் கிளையில் தன் கணக்கைப் பயன்படுத்தும் ஏற்பாடு இது. அமெரிக்காவில் கோ-ஆப் ஷேர்டு பிராஞ்ச் என்ற பெயரில் இயங்குகிறது. எல்லாக் கிரெடிட் யூனியன்களும் அதில் இல்லை. ஆகவே உங்கள் சங்கம், நீங்கள் போகும் சங்கம் இரண்டுமே அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

பெரிய வங்கிகளைப் போல ஊருக்கு ஊர் கிளை திறக்கப் பெரும்பாலான கிரெடிட் யூனியன்களால் முடியாது. அதனால் ஒருவர் கவுன்டரை மற்றவரின் உறுப்பினருக்குத் திறந்துவிடுகிறார்கள். டெக்சஸில் நீங்கள் பணம் கட்டினால், அங்குள்ள காசாளர் அதை உங்கள் வட கரோலினாக் கணக்கிலேயே வரவு வைக்கிறார். இரு சங்கங்களும் தங்களுக்குள் பின்னர் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். உங்கள் சேமிப்பு எப்போதும் உங்கள் சங்கத்தில்தான் இருக்கிறது. அது அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் வைப்புக் காப்பீடு பெற்ற சங்கமானால், 2,50,000 டாலர் வரையிலான பாதுகாப்பும் அதன் வழியாகவே தொடரும்.

பணம் போடுவது, எடுப்பது, கணக்குக்குக் கணக்கு மாற்றுவது, கடன் தவணை கட்டுவது ஆகியவை பொதுவாக நடக்கும். புதுக் கடன், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை போன்றவற்றுக்கு உங்கள் சங்கத்தைத்தான் நாட வேண்டும். ரொக்கம் எடுக்க வரம்பு உண்டு. காசோலை போட்டால், தொகை முழுவதும் அன்றே கைக்கு வராமல் போகலாம். வாடகை கட்டும் நாளை நினைவில் வைத்து முன்கூட்டியே போடுங்கள்.

பலர் டெபிட் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அட்டை எண் வேறு, கணக்கு எண் வேறு. சங்கத்தின் முழுப் பெயர், கணக்கு எண், புகைப்படத்துடன் கூடிய அரசு அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கங்களையும் கேட்பார்கள்.

இதே விவரங்கள் திருடன் கையில் சிக்கினால் அவனும் உங்கள் பெயரில் வேறொரு கவுன்டரில் போய் நிற்கலாம். எனவே கூடுதல் ரகசியச் சொல் வைக்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். பழைய முகவரியை மாற்றிய பிறகே கிளைக்குப் போங்கள். அடையாள அட்டையில் ஒரு முகவரியும் கணக்கில் இன்னொன்றும் இருந்தால் காசாளர் தயங்குவார்.